‘கோடீஸ்வரன்’ பாணிப் போட்டி நடத்துவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை வாணி விழாவோ சனசமூக நிலைய ஆண்டு விழாவோ, பொது அறிவுப் போட்டி என்றால் இப்போது யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் ‘கோடீஸ்வரன்’ பாணிதான். மேடையில் எதிரெதிராக இரண்டு கதிரை, திரையில் ஒரு கேள்வி, கீழே நான்கு விடை, பின்னால் திகில் இசை. ‘கோடீஸ்வரன்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஒரு கிழமையும் விடாமல் பார்த்தவர்கள் நாங்கள். இருபது வருடத்துக்கு மேலாகியும் ஊர்ப் பிள்ளைகள் அதை விளையாட விரும்புவது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் பல இடங்களில் அதன் தோற்றம் மட்டும் வருகிறது, விளையாட்டு வருவதில்லை. விளையாட்டின் உயிர் ஒரேயொரு விதியில் இருக்கிறது. கேள்வியையும் நான்கு விடைகளையும் பார்த்த பிறகு, “எனக்கு இது போதும், இருக்கிற காசோடு எழும்புகிறேன்” என்று போட்டியாளர் சொல்லலாம். இந்த விதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பல்தேர்வு வினாத்தாள்தான். அதைப் பிள்ளைகள் வகுப்பிலேயே எழுதுகிறார்கள்.

இதன் மூலநிகழ்ச்சியான ‘Who Wants to Be a Millionaire?’ பிரித்தானியாவின் ஐரிவி தொலைக்காட்சியில் 1998 செப்ரெம்பர் 4 ஆம் திகதி தொடங்கியது. கிறிஸ் டாரன்ட் நடத்தினார். 2000 ஆம் ஆண்டு ஜூலையில் அமிதாப் பச்சன் இந்தியில் தொடங்கிவைக்க, அதே ஆண்டில் சரத்குமார் சன் ரிவியில் ‘கோடீஸ்வரன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். பிறகு 2012 இல் விஜய் ரிவியில் சூர்யா, அவருக்குப் பின் பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி. சிரச ரிவியில் சிங்களத்திலும் ‘லக்ஷபதி’ வந்தது. மொழி மாறியது, காசு மாறியது, நடத்துபவர் மாறினார். ஏணியின் கட்டமைப்பு மட்டும் பெரிதாக மாறவேயில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் ஏணியில் 15 படிகள். 100 பவுணில் தொடங்கி 200, 300, 500, 1,000. இந்த 1,000 முதற் காப்புப்படி, இதற்குப் பிறகு பிழைவிட்டாலும் 1,000 கையில் நிற்கும். அடுத்து 2,000, 4,000, 8,000, 16,000, 32,000. இந்த 32,000 இரண்டாவது காப்புப்படி. அதற்கு மேலே 64,000, 125,000, 250,000, 500,000, பத்து இலட்சம். பதினோராவது கேள்விக்கு, அதாவது 64,000 பவுண் கேள்விக்கு, யாரும் பயப்படத் தேவையில்லை. பிழைவிட்டாலும் 32,000 இலிருந்து இறங்குவதில்லை, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒரு விடை சொல்லலாம். உண்மையான சோதனை பன்னிரண்டாவது கேள்வியில்தான் தொடங்குகிறது. கையில் 64,000. பிழைவிட்டால் 32,000 போய்விடும், சரியென்றால் 61,000 கூடும். கணக்குப் பார்த்தால், சொல்லப்போகும் விடை சரியாக இருக்கும் வாய்ப்பு 100 க்கு 34 ஐத் தாண்டினால்தான் துணிவது இலாபம். குருட்டாம்போக்கில் சொன்னால் வாய்ப்பு 25. ஒரு விடையைப் பிழையென்று நிச்சயமாகத் தள்ளிவிட்டால் 33, ஒரு மயிரிழை குறைவு. இரண்டைத் தள்ளினால் 50, தாராளமாகப் போகலாம். அடுத்த படியில் இந்த எல்லை 43 ஆகிறது, அதற்கடுத்து 47, கடைசிக் கேள்வியில் 48. அதாவது பத்து இலட்சத்துக்கான கேள்வியில் இரண்டு விடைகளை வெட்டிவிட்டு நின்றாலும் துணிவதா எழும்புவதா என்பது ஏறக்குறைய சமநிலை. ஏணியை அமைத்தவர்கள் நெருக்கடி மேலே போகப் போக இறுகும்படி அமைத்திருக்கிறார்கள். பார்ப்பவருக்கு இந்தக் கணக்குத் தெரியாமலிருக்கலாம், ஆனால் கதிரையில் இருப்பவரின் முகத்தில் அது தெரியும்.

ஊரில் இரண்டு விதமாக இது கெட்டுப்போகிறது. சில இடங்களில் சரியான விடைக்கு 10 புள்ளி, பிழைக்கு ஒன்றுமில்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாதபோது யாரும் எழும்பமாட்டார்கள், யோசிக்கவும் மாட்டார்கள். வேறு சில இடங்களில் காப்புப்படியே இல்லை, பிழைவிட்டால் வெறுங்கை. அங்கே பிள்ளைகள் மூன்றாவது நாலாவது கேள்வியிலேயே பயந்து எழும்பிவிடுகிறார்கள், சபை கொட்டாவி விடுகிறது. காப்புப்படி கருணைக்காக வைத்ததல்ல, அடுத்த கேள்விக்குத் துணிய வைப்பதற்காக வைத்தது.

இரண்டு மணித்தியால ஊர் நிகழ்ச்சிக்கு 15 கேள்வி அதிகம். பத்துப் படி போதும்: 50, 100, 150, 250, 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000 ரூபா. நாலாவது படியான 250 உம் ஏழாவது படியான 2,000 உம் காப்பு. எட்டாவது கேள்வி பயமில்லாதது. ஒன்பதாவதில் துணிவதற்கான எல்லை 33, பத்தாவதில் 43. மூலத்தின் இறுக்கம் அப்படியே கிடைக்கும். மூன்று போட்டியாளர்களுக்கு மேல் ஒரே இரவில் அழைக்க வேண்டாம், ஒருவருக்கு 25 நிமிடம் என்று வையுங்கள். மூவரும் உச்சிக்குப் போனால் 48,000 ரூபா கொடுக்க வேண்டிவரும். அந்தக் காசு போட்டி தொடங்கமுன் பெட்டிக்குள் இருக்க வேண்டும். “ஒருத்தரும் வெல்லமாட்டினம்” என்ற நம்பிக்கையில் விளம்பரத்தில் பெரிய தொகை போட்டுவிட்டு, கடைசிக் கேள்வியை யாராலும் சொல்ல முடியாததாகத் தயாரிப்பது நடந்திருக்கிறது. அது பிள்ளைகளை ஏமாற்றுவது. காசு குறைவென்றால் ஏணி முழுவதையும் அரைவாசியாக்குங்கள், படிகளின் விகிதத்தில் கைவைக்காதீர்கள்.

இனிக் கேள்விகள். போட்டி வெல்வதும் தோற்பதும் இங்கேதான். ஆனால் பெரும்பாலும் முதல்நாள் இரவு ஒரு பொது அறிவுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக் கேள்விகளைக் கொப்பி பண்ணுகிறார்கள்.

ஒரு போட்டியாளருக்குப் பத்துக் கேள்வியும், ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டாக ஆறு மேலதிகக் கேள்வியும் தேவை. கட்டங்களைப் பிரிப்பதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. போட்டியில் சம்பந்தப்படாத பத்துப் பேரிடம் கேளுங்கள். முக்கியமாக, நான்கு விடைகளையும் காட்டாமல் கேளுங்கள். விடைகளைக் காட்டினால் ஒன்றும் தெரியாதவர்களிலும் கால்வாசிப் பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள், கடினமான கேள்வி இலகுவானதாகத் தோன்றும். பத்தில் ஒன்பது பேர் சொன்னால் அது முதல் நாலு படிக்கு. ஐந்தாறு பேர் சொன்னால் நடுவுக்கு. இரண்டு பேர் சொன்னால் மேற்படிக்கு. ஒருவருமே சொல்லாத கேள்வியை எறிந்துவிடுங்கள். பத்தாவது கேள்வி என்பது ஒருவருக்கும் தெரியாத கேள்வி அல்ல. சபையில் மூன்று நாலு பேருக்குத் தெரிந்து, அவர்கள் சொல்ல முடியாமல் வாய்க்குள் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். அப்போதுதான் மண்டபம் சூடாகும். 1999 நவம்பரில் அமெரிக்காவில் ஜோன் கார்பென்டர் பத்து இலட்சம் டொலர் வென்ற கேள்வி அப்படிப்பட்டது. ஒரு நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிய அமெரிக்க ஜனாதிபதி யார் என்பதுதான் கேள்வி. விடை ரிச்சர்ட் நிக்சன். கார்பென்டர், தெரிந்த ஒருவரை அழைத்து விடை கேட்கும் தொலைபேசி உதவியை எடுத்துத் தகப்பனை அழைத்தார். உதவி கேட்பதற்கல்ல, தான் வெல்லப்போவதைச் சொல்வதற்கு. விடை தனக்குத் தெரியும் என்ற நிச்சயம் இருந்தபடியால்தான் அதைச் செய்ய முடிந்தது, அந்தக் காட்சியை இன்றைக்கும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள்.

சர்ச்சைக்கு இடம்தரும் கேள்விகள் இன்னொரு தலைவலி. இலங்கையின் தலைநகர் எது என்று கேட்டு, கொழும்பு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை இரண்டையும் விடைகளில் போட்டால் சண்டை வரத்தான் செய்யும். மாவட்டங்கள் எத்தனை என்றால் 25. ஆனால் 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகும் முன் அச்சான புத்தகத்தில் 24 என்றிருக்கும். கோள்கள் எத்தனை என்றால் 2006 க்கு முந்திய புத்தகம் ஒன்பது என்று சொல்லும். கேள்விக்குள்ளேயே ஆண்டையும் வரையறையையும் வைத்துவிடுங்கள், பழைய புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம். ‘முதல்’, ‘பெரிய’, ‘பழைய’ என்ற சொற்கள் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு மூலங்களில் பாருங்கள். ‘இலங்கையின் முதற் தமிழ்ப் பத்திரிகை எது’ என்று கேட்பதைவிட ‘1841 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பத்திரிகை எது’ என்று கேட்டால் உதயதாரகை என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

பிழையான விடைகளை எழுதுவது சரியான விடையைத் தேடுவதைவிடக் கடினமான வேலை. ஓர் உதாரணத்தை நெருக்கமாகப் பார்க்கலாம். ‘இரணைமடுக் குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஆறு எது?’ விடைகள்: மகாவலி கங்கை, களு கங்கை, களனி கங்கை, கனகராயன் ஆறு. இதில் புவியியல் தெரியாத பிள்ளையும் சரியாகச் சொல்லிவிடும். மூன்று கங்கைக்கு நடுவே ஒரேயொரு ஆறு, அதுவும் தமிழ்ப் பெயரோடு. மற்ற மூன்றையும் அருவி ஆறு, பறங்கி ஆறு, பேராறு என்று மாற்றுங்கள். நாலும் வன்னியோடு சேர்ந்தவை, நாலும் கேள்விப்பட்ட பெயர்கள். இப்போது தெரிந்த பிள்ளைக்கு மட்டும்தான் விடை. அதேபோல் ஆண்டுகளை விடையாக வைத்தால் 1840, 1841, 1842, 1843 என்று அடுக்காதீர்கள், அது அறிவைச் சோதிக்காது, அதிர்ஷ்டத்தைத்தான் சோதிக்கும். வினாவின் முடிவு ‘பாடினார்’ என்றால் நாலு பெயரும் தனிப் புலவர்களாக இருக்க வேண்டும். ஒரு தொகை நூல் இடையில் வந்தால் அது தானே கழன்றுவிடும். சரியான விடையைக் கவனமாக எழுதுவதால் அது மற்றவற்றைவிட நீளமாக வந்துவிடும், அதையும் பாருங்கள். இடத்தைப் பொறுத்தவரை, கேள்வி எழுதுபவரின் கை தன்னையறியாமல் மூன்றாவது இடத்துக்குப் போகும். தாயக்கட்டையோ சீட்டோ போட்டு இடத்தைத் தீர்மானியுங்கள்.

கேள்வி பதினைந்து சொல்லுக்கு மேல் போகக்கூடாது. வாசிப்பதற்கு இலகு என்பது மட்டும் காரணமல்ல. தொலைபேசி உதவிக்கு 30 செக்கன்தான் உண்டு, கேள்வியையும் நாலு விடையையும் வாசித்துச் சொல்வதும் அதற்குள்ளேதான். நீண்ட கேள்வியென்றால் நண்பர் “என்ன, திருப்பிச் சொல்லு” என்று கேட்கும்போதே நேரம் முடிந்துவிடும்.

விடைகளுக்கு என்ன அடையாளம் இடுவது என்பது சின்ன விடயமாகத் தெரியும். அ, ஆ, இ, ஈ என்று போட்டால் ஒலிபெருக்கியில் அ வும் ஆ வும் ஒன்றாகக் கேட்கும். ஆங்கிலத்தில் போட்டால் பி, சி, டி மூன்றும் ஒரே ஓசை. 1, 2, 3, 4 என்றால் விடை தானே ஓர் எண்ணாக இருக்கும்போது குழப்பம்: “நாலு” என்றது நாலாவது விடையா, நாலு என்ற விடையா? சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நிறத்தால் குறியுங்கள். காதுக்கு நாலும் வேறு, சபையின் உதவி கேட்கும்போதும் இதே நிறங்கள் பயன்படும். நிறத்தின் பெயரை எழுத்திலும் போடுங்கள், நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் இருப்பார்கள். போட்டியாளர் நிறத்தையும் விடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: “மஞ்சள், கனகராயன் ஆறு, இதுதான் என் இறுதி விடை.”

அந்தக் கடைசிச் சொற்களுக்கு ஓர் ஒப்பந்தத்தின் வலு உண்டு. அதற்கு முன் வாயில் வருவதெல்லாம் யோசனை, அதற்குப் பின் மாற்றம் இல்லை. பல மேடைகளில் பிள்ளை தனக்குள் முணுமுணுத்த பெயரை அறிவிப்பாளர் பிடித்துக்கொண்டு “பிழை!” என்று மணி அடித்து விடுகிறார். அதன் பிறகு எந்தப் பிள்ளையும் வாய்திறந்து யோசிக்காது. இந்த விளையாட்டில் பார்க்கப் பார்க்க இனிப்பது அந்த வாய்விட்ட யோசனைதான். “அருவி ஆறு மன்னார்ப் பக்கம் போகுது, அப்ப அது இல்லை. பேராறு முல்லைத்தீவு...” என்று ஒருவர் தன் அறிவைச் சபைக்கு முன் பிரித்து அடுக்கும்போது மண்டபம் முழுக்க அவரோடு சேர்ந்து யோசிக்கிறது. மூலநிகழ்ச்சியில் போட்டியாளருக்கு நேரக்கட்டுப்பாடு இருக்கவில்லை. ஊரில் நேரம் போகிறதென்று 30 செக்கனுக்கு மணி அடித்தால் இந்த அழகு போய்விடும். மூன்று நிமிடம் விடுங்கள். அதற்குப் பிறகு “விடை சொல்கிறீர்களா, எழும்புகிறீர்களா?” என்று அறிவிப்பாளர் கேட்கலாம். எழும்பலாம் என்பதை ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு தடவையாவது நினைவூட்ட வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் எழும்புவது தோல்வி என்று நினைக்கிறார்கள். எழும்பியவருக்குச் சபை கைதட்ட வேண்டும், அதை அறிவிப்பாளர்தான் தொடங்கிவைக்க வேண்டும்.

உயிர்காப்பு உதவிகள் மூன்றும் எங்கள் மண்டபங்களில் மூன்று விதமாகப் பழுதாகின்றன.

சபையைக் கேட்கும் உதவியில் “சிவப்பு என்பவர்கள் கையை உயர்த்துங்கோ” என்று ஒவ்வொன்றாகக் கேட்கக்கூடாது. முன்வரிசையில் ஆசிரியர் ஒருவர் கை உயர்த்தினால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் உயர்த்துவார்கள். அவரவர் தனித்தனியாக யோசித்த முடிவுதான் இந்த உதவியின் பலம். ஏ4 தாள் ஒன்றை நாலாக மடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நிறத் தாள் ஒட்டி, நடுவில் குறிக்கப்பட்ட 40 கதிரைகளில் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள். மணி அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே பிடிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க நேரம் இருக்கக்கூடாது. 40 என்றால் இரண்டு தொண்டர்கள் ஒரு நிமிடத்துக்குள் எண்ணிவிடலாம். இருட்டான மண்டபத்தில் கடும் பச்சையும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும், ஆகவே கிளிப்பச்சையும் கடும் நீலமும் வாங்குங்கள்.

தொலைபேசி உதவி இணையத்தால் கெட்டது. அமெரிக்க நிகழ்ச்சி 2010 ஜனவரியில் அந்த உதவியையே நிறுத்தியது, நண்பர்கள் மறுமுனையில் கணினியில் தேடத் தொடங்கியதுதான் காரணம். எங்களுக்கு நிறுத்தத் தேவையில்லை. நண்பரை மண்டபத்துக்குப் பக்கத்து வகுப்பறையில் ஓர் ஆசிரியரோடு இருத்திவைத்து, அழைப்புக்கான கைத்தொலைபேசியை அந்த ஆசிரியரே வைத்திருக்கட்டும். மணி அடித்து எடுக்கும் நேரத்தை 30 செக்கனில் சேர்க்கக்கூடாது. மேடையில் தொலைபேசியை ஒலிவாங்கிக்குக் கிட்டப் பிடித்தால் ‘கீ...’ என்று ஊளையிடும். பக்கத்து வகுப்பறைக்கு முகம்பார்க்கும் ஒலிபெருக்கியை அந்த நேரத்துக்கு நிறுத்திவிடச் சொல்லுங்கள். சவுண்ட்ஸ் காரருக்கு இதை முன்கூட்டியே சொல்லி ஒரு தரம் ஒத்திகை பாருங்கள்.

இரண்டு பிழையான விடைகளை நீக்கும் ‘ஐம்பதுக்கு ஐம்பது’ உதவியில் எந்தப் பிழையான விடை மிஞ்சும் என்பதை அந்த இடத்தில் அறிவிப்பாளர் தீர்மானிக்கக்கூடாது. அவர் மனம் இரங்கினால் சுலபமானது மிஞ்சும், இல்லாவிட்டால் கடினமானது மிஞ்சும். கேள்வி எழுதும்போதே முடிவெடுத்துத் தாளில் குறித்துவிடுங்கள். எல்லாப் போட்டியாளருக்கும் ஒரே முறை.

கதிரைக்கு யார் முதலில் வருவது என்பதற்கு மூலத்தில் ‘விரைவான விரல்’ சுற்று இருந்தது. நாலு விடைகளை ஒழுங்குபடுத்த வேண்டும். இதை எங்களூரில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், அல்லது கை உயர்த்தச் சொல்லுகிறார்கள். மின்னணுக் கருவி இல்லாமலே செய்யலாம். உதாரணக் கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் தெற்கே போகும்போது வரும் ஒழுங்கில் எழுதுக: மாங்குளம், ஆனையிறவு, வவுனியா, கிளிநொச்சி. இவற்றுக்கும் நிறக் குறியீடு உண்டு. ஆறு போட்டியாளர், ஆளுக்கொரு மூன்று அங்குல அகல மட்டை, தன் பெயரும் நிற ஒழுங்கும் எழுத வேண்டும். நடுவில் மூன்றேகால் அங்குல அகலத்தில் ஒரு பெட்டி. எழுதியவுடன் மட்டையைப் பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டி ஒடுங்கியதாக இருப்பதால் மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும், அடியில் இருப்பது முதலில் வந்தது. அடியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்து முதற் சரியான மட்டையின் சொந்தக்காரரைக் கூப்பிடுங்கள். ஆறு கதிரைகளும் பெட்டியிலிருந்து சம தூரத்தில் இருக்கட்டும். ஒரு விடையைத் தெரிவு செய்யும் கேள்வியென்றால் குருட்டாம்போக்கில் நாலில் ஒருவருக்குச் சரிவரும். நாலை ஒழுங்குபடுத்த 24 வழிகள் இருப்பதால் அதிர்ஷ்டத்தால் கதிரைக்கு வருவது அரிது.

அறிவிப்பாளரின் கையில் விடை இருக்கக்கூடாது. விடை தெரிந்தவரின் கண் பொய் சொல்லாது, பிள்ளைகள் அதைக் கேள்வியைவிடக் கவனமாக வாசிப்பார்கள். விடைகள் நடுவரிடம் மூடிய உறையில் இருக்கட்டும், “இறுதி விடை” என்ற பிறகு அவர் காட்டட்டும்.

இருக்கை ஒழுங்கும் முக்கியம். மூலத்தில் கதிரைகள் நடுக்களத்தில் எதிரெதிராக இருக்கும், சபை சுற்றிவர இருளில் இருக்கும். நாங்கள் மேடையில் இருவரையும் சபையைப் பார்க்கவைக்கிறோம். முன்வரிசையில் தாய் தகப்பன், ரியூசன் ஆசிரியர். தலையாட்டல், இருமல், விரல் காட்டல் எல்லாம் நடக்கும். 2001 இல் பிரித்தானியாவில் மேஜர் சார்ள்ஸ் இங்ரம் பத்து இலட்சம் பவுணை எட்டியது இருமல் சைகையால் என்று வழக்காகி, 2003 இல் நீதிமன்றம் அவரையும் மனைவியையும், இருமியவரையும் குற்றவாளிகளாகக் கண்டது. அவரது கடைசிக் கேள்வி, ஒன்றுக்குப் பின் நூறு பூச்சியம் வரும் எண்ணின் பெயர் என்ன என்பது. விடை கூகொல். இருமியவர் விரைவான விரல் சுற்றுக்குக் காத்திருந்த போட்டியாளர்களில் ஒருவர். ஆகவே காத்திருக்கும் போட்டியாளர்களைக் கதிரையில் இருப்பவரின் முதுகுப் பக்கமாக இருத்துங்கள், உறவினர்களைப் பின்வரிசைக்கு அனுப்புங்கள்.

இசையை கீத் ஸ்ட்ராக்கனும் மகன் மத்தியூவும் அமைத்தார்கள். முதல் ஐந்து கேள்வியைத் தாண்டியதும் படி ஏற ஏற இசையும் அரைச்சுருதி உயரும், ஆர்மோனியத்தில் வெள்ளையோ கறுப்போ அடுத்த கட்டைக்குப் போவதுபோல். கேட்பவருக்கு ஏனென்று தெரியாது, நெஞ்சு மட்டும் இறுகும். இறக்கிய ஒரே ஒலிக்கோப்பைத் திரும்பத் திரும்பப் போட்டால் இது கிடைக்காது. ஊர் இசைக்குழுக் கீபோட்காரர் ஒருவரை இருத்தி, ஒரு சிறிய தாளத்தைப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு கேள்விக்கும் சுருதியை மாற்றும் ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தானை ஒன்று கூட்டச் சொல்லுங்கள். போட்டியாளர் பேசும்போது ஒலி தாழ வேண்டும், விடை வெளிவரமுன் முற்றாக நிற்க வேண்டும்.

திரையில் கேள்வி கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும், வாசித்தால் போதாது. 2020 ஜனவரியில் ராதிகா சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரி’யில் ஒரு கோடி வென்ற மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா காது கேளாத, வாய் பேச முடியாதவர். எங்கள் பாடசாலைகளிலும் அப்படியான பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களையும் மேடைக்கு அழைக்கலாம். எழுத்து விடயத்தில் ஒரு பழைய தொல்லை இன்னும் தீரவில்லை. வீட்டில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து, மண்டபத்தில் வேறொருவரின் மடிக்கணினியில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். யூனிகோட்டில் தட்டச்சுச் செய்யுங்கள், அல்லது பக்கங்களைப் படமாக மாற்றிக் கொண்டுபோங்கள்.

மின்சாரம் நின்றால் மடிக்கணினி நிற்காது, புரொஜெக்டர் நின்றுவிடும், திரும்பி வெளிச்சம் பிடிக்கச் சில நிமிடமாகும். அதற்குள் இருட்டில் விடை கைமாறிவிடும். திரையில் காட்டிய கேள்வி இடையில் தடைப்பட்டால் அதைக் கைவிட்டு மேலதிகக் கேள்வியை எடுப்பது என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். அதற்கு முன் பாவித்த உதவி இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜெனரேட்டர் இருந்தாலும் மாற்றும் இடைவெளியில் இதே நிலைதான்.

பரிசுக் காசை அன்றிரவே, அந்த மேடையிலேயே, உறையில் கொடுங்கள். “செயலாளரிடம் பிறகு வாங்குங்கோ” என்பது வேண்டாம். 250 ரூபாவோடு எழும்பிய பிள்ளைக்கும் அதே மேடை, அதே உறை.

வாணி விழாக் காலம் வரமுன் இதை வெளியிட்டால், கேள்விகளைத் தயாரிக்கவும் மட்டைகள் வெட்டவும் ஏற்பாட்டாளர்களுக்குப் போதிய நேரம் இருக்கும்.

இங்ஙனம்,
‘கோடீஸ்வரன்’ நிகழ்ச்சியின் பழைய இரசிகர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.